ஆறரை மணிச் சாப்பாடு

அத்தியாயம் 17

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, கண்ணாடியக்கா ஓர் அவித்த முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டவர்களுக்கு உடனே சொல்லிவிடுகிறேன். முட்டையைச் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஒரு வாரம் கழிந்து, இந்தப் புதன்கிழமை காலையிலும் வயிறு அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வருஷமாக அவளை ஆட்டிப் படைத்த வயிறு அது. ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் விலா எலும்புக்குக் கீழே ஒரு முறுக்கு முறுக்கும். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தத்தை உறிஞ்சினார்கள். 'எல்லாம் நார்மல்' என்ற காகிதங்கள்தான் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்தன. கடைசியில் ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் போட்ட பத்தியம்தான் இந்தப் பதினான்கு வாரக் கூத்து.

முதல் ஆறு வாரம் கோதுமை, பால், முட்டை, கடலை, சோயா, மீன், சோளம், தக்காளி எதுவும் நாக்கில் படக் கூடாது. சோறு, வேகவைத்த பூசணிக்காய், பேரிக்காய், உப்பு. அவ்வளவுதான். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக அந்த எட்டையும் திரும்ப உள்ளே விட வேண்டும். எது வந்ததும் வலி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

எட்டும் வந்துவிட்டன. எட்டுமே நிரபராதி.

"அப்ப நீ குணமாயிட்டேக்கா!" என்று தம்பி வாசலில் காரைத் துடைத்துக்கொண்டே கூவினான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன் அவன். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த காரில் நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த பிறகும் தன் காலுக்கடியில் அந்த பிரேக் இருப்பதாகவே நினைப்பான். "இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நீ மேசைக்கு வர்றே. டீச்சர், கேட்டுக்கோ. அக்காவுக்குத் தடை போட்டிருந்த அத்தனையும் இன்னைக்குச் சமையல்ல இருக்கணும்."

டீச்சர் என்பது அவன் மனைவி. மழலைப் பள்ளியில் வேலை பார்ப்பதால் வீட்டிலும் அவளுக்கு அதே பெயர். வாயில் பல்துலக்கியோடு வந்து எட்டிப் பார்த்த பத்து வயது மகளுக்குப் பெயர் வாலு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"சரிங்க" என்றாள் டீச்சர்.

கண்ணாடியக்காவுக்குள் ஒரு குழந்தை எழுந்து நின்று கைதட்டியது. அதை வெளியே காட்டிக்கொள்ள நாற்பத்தொன்பது வயதில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நாக்கு செத்துப்போனதெல்லாம் அவளுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. பூசணிக்காயைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஆறரை மணியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பத்தியம் ஆரம்பித்த நாளன்றே டீச்சர்தான் சொன்னாள். "நாங்க சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா உங்களுக்கு ஏக்கமா இருக்கும் அண்ணி. நீங்க முன்னாடியே சாப்பிட்டுடுங்க. நான் தனியா எடுத்து வைக்கிறேன்." நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்றிலிருந்து ஆறரை மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பீரோவைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பீரோவின் கதவில் ஒரு கீறல் இருந்தது. பதினான்கு வாரத்தில் அந்தக் கீறலின் நீளம் அகலமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

எட்டு மணிக்கு மூடிய கதவுக்கு வெளியே மேசை நிறையும். தட்டுச் சத்தம் கேட்கும். பேச்சு புரியாது, சிரிப்பு மட்டும் வரும். தம்பியின் சிரிப்பு, வாலுவின் சிரிப்பு. பிறகு அவளுக்குப் பழக்கமே இல்லாத மூன்றாவது சிரிப்பு ஒன்று, தொண்டையிலிருந்து உடைத்துக்கொண்டு வருவது. அது டீச்சருடையது என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இவளும் இந்தப் பக்கம் லேசாகச் சிரித்து வைப்பாள். 'கொஞ்ச நாள்தானே, நானும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன்' என்று நாள்காட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுப்பாள்.

அந்தக் கோடுகள் இன்றோடு முடிகின்றன.

*

ஆலோசகரின் அறை சிறியது. மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் ரொட்டி, பிளாஸ்டிக் மீன். அவள் கண்ணாடியக்காவின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, அதன்பின் உடம்பு எப்படி என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது. இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற கை. எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்லை மேடம்."

"தொழில் புத்தி" என்றாள் கண்ணாடியக்கா. பெருமை கொஞ்சம் வழிந்துவிட்டது.

"எந்த உணவு மேலயும் குத்தம் சொல்ல முடியாது. நீங்க எல்லாமே சாப்பிடலாம்."

"ரொம்ப சந்தோஷம்."

எழுந்திருக்கப் போனாள். ஆனால் ஆலோசகர் நோட்டை மூடவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு பக்கத்தில் விரல் வைத்திருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு நாள்ல ஒரே ஒரு நாள் வலி வந்திருக்கு. நீங்க எழுதியிருக்கீங்க. 'இரவு வலி. பூசணிக்காய் சரியாக வேகவில்லை போல.' அன்னைக்கு வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லையே. அதே சோறு, அதே பூசணிக்காய். எங்க வாலுவோட பிறந்தநாள் அன்னைக்கு. கேக்கைக்கூட நான் தொடலை."

"மணி எட்டுன்னு போட்டிருக்கீங்க. மத்த நாளெல்லாம் ஆறரை."

"ஆமா. அன்னைக்கு மட்டும் தம்பி விடலை. உன் தட்டை எடுத்துக்கிட்டு மேசையில வந்து உட்காருன்னான்."

தான் சொன்னது தன் காதிலேயே வந்து விழுந்தது.

ஆலோசகர் அவசரப்படவில்லை. "மத்த நாள் எங்க சாப்பிட்டீங்க?"

"என் அறையில."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்லை."

"இந்த வலி வர்றதுக்கு முன்னாடி, அதாவது மூணு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்ப நான் தனி வீட்டுல இருந்தேன். தம்பிதான், நீ தனியா இருக்கக் கூடாதுன்னு பிடிவாதமா கூட்டிக்கிட்டு வந்து வெச்சுக்கிட்டான்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்குச் சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான் தெரியும் மேடம். அதுக்கு மேல சொல்ல நான் ஆள் இல்லை. ஆனா ஒண்ணு. உங்க வலி பொய் இல்லை. கற்பனையும் இல்லை. அது எங்கேயிருந்து வருதுங்கறது மட்டும் இந்த லிஸ்ட்ல இல்லை."

கண்ணாடியக்கா பிளாஸ்டிக் மீனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். நோட்டைக் கைப்பையில் வைத்தாள். வெளியே வந்து, வந்த வழியை மறந்து, எதிர்த் திசையில் ஒரு தெரு தள்ளிப் போய்த் திரும்பினாள்.

*

கடையில் மத்தியானம் கூட்டம் அதிகம். இருட்டறை. நாற்காலியில் ஒரு தச்சர். பரிசோதனைச் சட்டத்தில் ஒரு லென்ஸைச் சொருகினாள்.

"இப்ப எழுத்து எப்படித் தெரியுது?"

"கலங்கலா இருக்கும்மா."

அதை எடுத்துவிட்டு இன்னொன்று. "இப்ப? முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சா, இது நல்லா இருக்கா?"

"இதுதான்."

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் தெளிந்தது என்றே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்ற பாடம் இது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கண்ணுக்குக்கூட அவள் இந்தத் தப்பைச் செய்ததில்லை. தன் வயிற்றுக்குச் செய்துவிட்டாள். சாப்பாட்டையும் மாற்றி, சாப்பிடும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றி, பதினான்கு வாரம் பூசணிக்காயை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, எழுத்து மறையுது" என்றார் தச்சர். கையைத் தெரியாமல் லென்ஸுக்கு முன்னால் வைத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க."

அவர் போன பிறகு விளக்கைப் போடாமல் அந்த இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். மேசையில் அப்படி என்ன இருக்கிறது? யாரும் சண்டை போடுவதில்லை. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. மரியாதைதான் இருக்கிறது. வேண்டிய மட்டும், வேண்டாத மட்டும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடியக்கா முதல் வாய் எடுத்து வைத்து, "நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைக்க வேண்டும். தம்பி போட்ட சட்டம் அது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதின்மூன்று. அவனை முதலில் சாப்பிட வைத்துவிட்டு மிச்சத்தை அவள் சாப்பிடுவாள். பல நாள் மிச்சமே இருந்ததில்லை. அது தெரிய அவனுக்கு இருபது வயது ஆக வேண்டியிருந்தது. தெரிந்த அன்று தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதான். 'இனிமே நான் இருக்கிற மேசையில முதல் வாய் உன்னோடதுக்கா' என்றான். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறான்.

அவனுக்கு அது நன்றி. ஆனால் டீச்சருக்கு அது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பரீட்சை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்கோ தீர்ப்புச் சொல்கிற வேலை. "உப்பு சரியா இருக்காக்கா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், 'எனக்கு இந்த நாற்காலி வேண்டாம்டா, நானும் உங்களோட சும்மா சாப்பிடறேன்டா' என்று சொல்ல வாய் வரும். மூன்று வருஷமாக அதைச் சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கியிருக்கிறாள்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரே ஒரு நாள் வந்த வலியை வைத்து முடிவு கட்டுவதா? அன்றைக்குப் பூசணிக்காய் நிஜமாகவே வேகாமல் இருந்திருக்கலாம். இன்று ராத்திரி பார்த்துவிடுவோம். எட்டு உணவும் தேறிவிட்டன. மிச்சம் இருப்பது மேசை ஒன்றுதான். ஒன்றை மட்டும் மாற்றுவோம்.

கடவுளே, வலி வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தேர்வு எழுதுகிற பிள்ளைகூட அப்படி வேண்டியிருக்காது. அவளுக்கு அந்த மேசை வேண்டும். அந்த மூன்று பேரைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

*

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறையை விட்டு வெளியே வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அது கொஞ்சம் அதிகப்படிதான், அவளுக்கே தெரியும்.

அவளுடைய நாற்காலியில் ஆளுயரத்துக்கு வண்ணக் காகிதங்கள், பசைப் புட்டிகள், அட்டையில் வெட்டிய யானை ஒன்று. டீச்சரின் பள்ளிச் சாமான்கள்.

"ஐயோ, எடுத்துடறேன் அண்ணி. இடம் சும்மா இருந்துச்சேன்னு..." டீச்சர் ஓடி வந்து அள்ளினாள். வைக்க இடமில்லாமல் அங்குமிங்கும் திரும்பி, கடைசியில் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் ஏற்றினாள். யானை மட்டும் கீழே விழுந்தது.

மேசை நிறைந்திருந்தது. பால் விட்ட சோள சூப், ரொட்டி, தக்காளியில் வதக்கிய மீன், சோயாவும் கடலையும் போட்ட காய், பொரித்த முட்டை. ஒரு ஆள் பள்ளியிலிருந்து வந்து மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றால்தான் இத்தனை நடக்கும்.

வாலு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்புறம் அந்த மிஸ் நாற்காலியிலேயே உட்காராம கீழ உட்கார்ந்துட்டாங்கப்பா, டொம்முனு..." சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் முக்கினாள்.

"ஏய்! அத்தை எடுக்கட்டும்" என்றான் தம்பி.

கை நின்றது. கதையும் நின்றது. ரொட்டித் துண்டிலிருந்து சூப் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பதினான்கு வாரத்தில் பிள்ளைக்கு அந்தச் சட்டம் மறந்தே போயிருக்கிறது. மறக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்பதுகூட கண்ணாடியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ சாப்பிடுடி கண்ணு" என்றாள்.

"அதெல்லாம் இல்லை. முதல் வாய் நீதான்" என்று தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகம் பூரித்திருந்தது. "பதினாலு வாரமாச்சுக்கா. நீ இல்லாம இந்த மேசை மேசையாவே இல்லை."

டீச்சர் உட்காரவில்லை. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியக்கா சூப்பை ஒரு வாய் குடித்தாள். மூன்று ஜோடிக் கண்கள்.

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"மீன்?"

மீனை எடுத்து வாயில் வைத்தாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. "பிரமாதம், டீச்சர்" என்று கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள்.

"தேங்க்ஸ் அண்ணி." டீச்சர் புன்னகை செய்தாள். அது பள்ளிக்கு மேலதிகாரி வந்தால் காட்டும் புன்னகை. கதவுக்கு வெளியே கேட்ட அந்தத் தொண்டைச் சிரிப்புக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். கண்ணாடியக்கா பேச்சை இழுத்துப் பார்த்தாள். "அந்த மிஸ் கீழ விழுந்தாங்களே, அப்புறம் என்னடி ஆச்சு?"

"அவ்வளவுதான் அத்தை" என்றாள் வாலு மரியாதையாக. தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது ரொட்டித் துண்டை எடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே அது வந்தது. முதலில் விரல் நுனியால் தொடுகிற மாதிரி. பிறகு பிடித்து முறுக்கியது. பழைய ஆள்தான். விலாசம் தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டது.

அவள் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தட்டைக் காலி செய்தாள். மீனைப் பார்த்து, முட்டையைப் பார்த்து, இவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. ஏதோ ஒரு உணவு குற்றவாளியாக இருந்திருக்கக் கூடாதா? கோதுமையை விட்டுத்தொலைக்கச் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் விட்டிருப்பாள். பாலை விட்டிருப்பாள். இவர்களை எப்படி விடுவது?

"பாத்தியா! ஒண்ணும் ஆகலை இல்லே?" என்று கேட்டான் தம்பி.

"ஒண்ணும் ஆகலை."

"நாளையிலேர்ந்து தினமும் எட்டு மணி. பழையபடி."

வாலு தட்டைப் பார்த்தாள். டீச்சர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். கண்ணாடியக்கா இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இல்லைடா தம்பி" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "ஆலோசகர் ஒண்ணு சொல்லிட்டாங்க. எது வேணா சாப்பிடலாமாம். ஆனா ஏழு மணிக்கு மேல கூடாதாம். என் வயித்துக்கு நேரம்தான் ஒத்துக்கலையாம். இன்னைக்கு ஒரு நாள் பரவாயில்லை."

"என்னது? இதை ஏன் காலையிலேயே சொல்லலை?"

"பத்தரைக்குத்தானேடா போனேன்."

"அப்ப நாங்களும் ஆறரைக்கே சாப்பிடறோம்."

"நீ பாடம் முடிச்சு வர்றதே ஏழரை. பட்டினியாவா வண்டி ஓட்டச் சொல்லித் தருவே? பேசாம இரு."

அவன் ஒரு காலை அழுத்தினான். இல்லாத பிரேக்கைத்தான். "இது சரியில்லைக்கா. நான் அந்தம்மாகிட்ட பேசறேன். நம்பர் சீட்டுல இருக்குமில்லே? காலையில முதல் வேலை அதுதான். அதென்ன, குணமான பிறகும் தனியா சாப்பிடறது?"

கண்ணாடியக்கா எழுந்து காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் பொய் சொல்லும் ஜாதி இல்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள்.

*

தம்பியும் வாலுவும் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, இரண்டு பெண்களும் அடுப்படியில் நின்றார்கள். ஒருத்தி கழுவ, ஒருத்தி துடைக்க.

"அண்ணி."

"சொல்லும்மா."

"ஏழு மணிக்கு மேல கூடாதுன்னு அவங்க சொல்லலை, இல்லையா?"

கண்ணாடியக்கா ஒரு தட்டை மூன்றாவது தடவை துடைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள். "வாலு பிறந்தநாளன்னைக்கு நீங்க நோட்டுல எழுதியிருந்தீங்க, பூசணிக்காய் வேகலைன்னு. மறுநாள் மேசையில திறந்து கிடந்துச்சு, படிச்சேன். அதை வேகவெச்சது நான்தானே அண்ணி. குழைஞ்சே போயிருந்துச்சு. அப்பவே எனக்குத் தோணிடுச்சு."

"அப்பவேன்னா?"

"அஞ்சாவது வாரத்துலேயே."

கண்ணாடியக்கா மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். "ஒன்பது வாரம்! ஒன்பது வாரமா தெரிஞ்சும் என்னை அந்தப் பாழாய்ப்போன பூசணிக்காயைத் தின்ன விட்டியா?"

"சொல்லியிருந்தா பத்தியத்தை நிறுத்திட்டு நீங்க மறுநாளே எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பீங்க."

சொல்லிவிட்டு டீச்சர் உதட்டைக் கடித்தாள். "எனக்கு அந்த ஒன்பது வாரம் வேணும்னு இருந்துச்சு அண்ணி. ஒரு நாள் உப்பு கூடிப்போச்சு. அவரு ஒரு வாய் வெச்சுட்டு, 'டீச்சர், கடல் தண்ணியையே குடிச்ச மாதிரி இருக்கு'ன்னாரு. நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சோம். நீங்க வந்த இந்த மூணு வருஷத்துல நான் உப்பு அதிகமாப் போட்டுட்டு சிரிச்சது அன்னைக்குத்தான். நீங்க ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. நீங்க கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்."

கண்ணாடியக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தட்டைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல இருந்தது. ஆனால் எதிரில் நிற்பவளின் கண்ணைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. மூன்று வருஷமாக மேசையின் அந்தக் கோடியில் டீச்சரும் எதையோ மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பத்தியம் இருந்தது ஒருத்தி, குணமானது இரண்டு பேர்.

"தம்பிகிட்ட சொல்லிடலாமா? முதல் வாயெல்லாம் வேண்டாம்னு?" என்று கேட்டாள் கண்ணாடியக்கா.

"நீங்க சொல்வீங்களா?"

தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுத இருபது வயதுப் பையனை அவள் நினைத்துப் பார்த்தாள். நீ எனக்குக் கொடுத்த மரியாதைதான் எனக்கு வயிற்று வலியாக வந்தது என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

"தாங்க மாட்டான்" என்றாள்.

"ஆமா. தாங்க மாட்டார்."

"காலையில அவன் போன் பண்ணினா?"

அதற்குள் கூடத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா, அந்த ஆலோசகர் சீட்டை எங்கே வெச்சே?"

"காலையில தேடித் தர்றேன்டா" என்று கண்ணாடியக்கா இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

கடைசித் தட்டும் துடைத்தாயிற்று. இனி அடுப்படியில் நிற்கக் காரணம் எதுவும் இல்லை. துண்டை மடித்து ஓரமாகப் போட்டாள்.

"நாளைக்கு எனக்கு ஆறரைக்கே எடுத்து வெச்சிடு."

சொல்லிவிட்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. புரிந்த பிறகும், 'வேண்டாம் அண்ணி, வாங்க, பார்த்துக்கலாம்' என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை வரும் என்று மனசு ஒரு மூலையில் காத்திருந்தது. ஒரு தடவை சொன்னால் போதும். இவளே மறுத்துவிடுவாள்.

"சரி அண்ணி" என்றாள் டீச்சர், குழாயை மூடிக்கொண்டே. "அறைக்கே கொண்டுவந்து தர்றேன்."